செருப்பு தேடும் ஐந்து நிமிடம்

20 ஜனவரி 2025, திங்கள்

இன்று ஒரு பொய்யை டேப்லெட்டில் ஏற்றினேன். என் எடை அறுபத்தெட்டு கிலோ.

மெஷின் சொன்னது எழுபத்தேழு. புதிதாக வேலைக்கு வந்திருக்கும் பன்னிரண்டு பெண்களுக்கு எடை பார்ப்பது எப்படி என்று சொல்லிக்கொடுக்க வேண்டும். "யாராவது ஏறுங்க" என்றால் அத்தனை பேரும் தரையைப் பார்த்தார்கள். சூப்பர்வைசர் என்ற கர்வத்தில் நானே ஏறினேன். ஏறுவதற்கு முன் சால்வை, ஸ்வெட்டர், கைக்கடிகாரம், கொண்டை ஊசி எல்லாவற்றையும் கழற்றி மேஜையில் குவித்தேன். மூக்குத்தி ஒன்றுதான் பாக்கி. அப்படியும் எழுபத்தேழு.

பக்கத்தில் டேப்லெட்டோடு டேட்டா மேனேஜர் ஆரிப். வாணியம்பாடிக்காரர், நாற்பது வயது. தப்பான எண்ணைப் பார்த்தால் அவருக்குத் தும்மல் வரும்.

"அறுபத்தெட்டுன்னு போடுங்க ஆரிப்."

"மேடம், இது டிரெயினிங் ஃபைல்தான். சாயங்காலம் அழிச்சிடுவோம்."

"அழிக்கிறதுக்குள்ள யாராவது பாத்துட்டா?"

போட்டார். தும்மவும் செய்தார்.

பிறகு அதே வாயால் ஒரு மணி நேரம் வகுப்பு எடுத்தேன். நாற்பத்தைந்து வயது தாண்டியவர்களின் உடல்நிலையை வீடு வீடாகப் போய்க் கேட்டு எழுதுவது நம் வேலை; அவர்கள் சொன்னதை மட்டும் எழுதுங்கள், உங்களுக்குத் தெரிந்ததை எழுதாதீர்கள். பேட்டியின்போது டேப்லெட் தானாக ஒரு நிமிடம் பேச்சைப் பதிவு செய்யும், எந்த நிமிடம் என்று நமக்குத் தெரியாது. "கடவுள் மாதிரி" என்றேன். வகுப்பு சிரித்தது. சிரிக்காவிட்டால் நான் விடுவேனா.

கடைசியாக என் சொந்தக் கண்டுபிடிப்பு. பதினோரு வருஷ அனுபவம். ஆம்பிளைகள் பிரஷர், சுகர், ஸ்டென்ட் என்று மெடல் வாங்கிய வரிசையில் சொல்வார்கள். பெண்கள் "ஒண்ணுமில்ல" என்பார்கள். டேப்லெட்டை மூடிப் பைக்குள் வைத்து வாசலுக்கு வந்த பிறகுதான், கதவைப் பிடித்துக்கொண்டு, "ஒண்ணு கேக்கணும்…" என்று ஆரம்பிப்பார்கள். அதனால் வெளியே வந்ததும் செருப்பு கிடைக்காத மாதிரி ஐந்து நிமிடம் தேடுங்கள். காலடியிலேயே கிடந்தாலும் தேடுங்கள்.

அந்தப் பெண்கள் நோட்டில் எழுதிக்கொண்டார்கள். எனக்குக் கொஞ்சம் தலைக்கனம் ஏறியது. ஒரு கிலோ இருக்கும்.

13 பிப்ரவரி, வியாழன்

கரோல் பாகில் குலுக்கி எடுத்த வீடுகளின் பட்டியல் வந்தது. பதினேழாவது வீடு யாருடையது? ருக்மிணி அக்காவுடையது!

சரோஜினி நகர் குவார்ட்டர்ஸில் எங்கள் எதிர்வீடு. அக்காவின் கணவர் கோபாலன் சார் மத்திய அரசில் அண்டர் செக்ரட்டரியாக ரிட்டயர் ஆனதும் அவர்கள் கரோல் பாக் போனார்கள், நாங்கள் மயூர் விஹார் வந்தோம். இருபத்தாறு வருஷப் பழக்கம். அக்காவுக்கு அறுபத்து மூன்று, எனக்கு ஐம்பத்து மூன்று. (இது நிஜ எண்.) தஞ்சாவூர் அக்ரஹாரத்துக்கும் விருதுநகர் பேட்டைத் தெருவுக்கும் நடுவே ஒரு நடை, இரண்டு கதவு. கதவு இரண்டும் சாத்தினதே இல்லை. தமிழ்ச் சங்க விழாக்களில் நான் வாசிக்கும் நகைச்சுவைக் கட்டுரைகளுக்கு முதல் வரிசையில் முதல் ஆளாகச் சிரிப்பது அக்காதான். அவள் சிரித்தால்தான் அடுத்த வரிக்குப் போவேன்.

புதிதாகச் சேர்ந்த நம் பெண்களில் ஒருத்தி இரண்டு தடவை அங்கே போயிருக்கிறாள். கோபாலன் சார் கதவு லென்ஸ் வழியாகவே "நஹி சாஹியே, வேண்டாம்" என்று அனுப்பிவிட்டாராம். வாட்டர் ஃபில்டர் விற்கிறாள் என்று நினைத்திருக்கிறார்.

"நானே போறேன்" என்றேன்.

ஆரிப் கண்ணாடியைக் கழற்றினார். "தெரிஞ்சவங்க வீட்டுக்கு வேற ஆளைத்தான் அனுப்பணும்னு நீங்கதானே மேடம் ரூல் போட்டீங்க?"

"ரூல் போட்டவளுக்குக் காபி வேணாமா?"

15 பிப்ரவரி, சனி

முதலில் கோபாலன் சார். ஐம்பது நிமிடம். இரும்பு பீரோவில் ஒரு தட்டு முழுக்க அவருடைய ஃபைல்கள், வருஷ வாரியாக. ஸ்டென்ட் வைத்த தேதியை நேரம் உட்படச் சொன்னார். கல்யாணம் ஆன தேதியைக் கேட்டேன், திரும்பி அக்காவைப் பார்த்தார்.

"அவளுக்கு ஒண்ணும் கிடையாதும்மா கனி. குதிரை மாதிரி இருக்கா. டிஸ்பென்சரிக்கே என்னோட துணைக்கு வரதோட சரி."

அது உண்மை. மாதா மாதம் அவருடைய மாத்திரைக்காக அக்கா ஆறு மணிக்கே போய் வரிசையில் நின்று டோக்கன் வாங்கி, அவர் ஒன்பதரைக்கு வரும்வரை பெஞ்சில் இடம் பிடித்து உட்கார்ந்திருப்பாள். அங்கே இருக்கும் நர்ஸுக்கெல்லாம் சாம்பார் பொடி சப்ளை. இத்தனை வருஷம் டிஸ்பென்சரிக்குப் போய் ஒரு நாள்கூட நோயாளி ஆகாத ஒரே பெண்மணி! இதைக் கட்டுரையில் சேர்க்க வேண்டும்.

பெண்கள் பகுதி கேட்கும்போது கணவர் அறையில் இருக்கக் கூடாது. அவரைக் கருவேப்பிலை வாங்க அனுப்பிவிட்டேன். நாற்பத்தோரு கேள்வி. கேள்வியும் எனக்கு மனப்பாடம், அக்காவின் பதிலும் மனப்பாடம். எந்த வயசில் நின்றது, எத்தனை பிள்ளை, நடுவே ஒன்று தங்காமல் போனது — எல்லாம் எனக்குத் தெரியாததா? விரல் ஒரு பக்கம் ஓட, வாய் ஒரு பக்கம் ஓடியது. சங்கச் செயலாளர் மனைவி சரோஜினி நகர் மார்க்கெட்டில் ஒரு குர்த்தாவைச் சேலைக்கு மேலேயே போட்டுப் பார்த்து, கழற்ற முடியாமல், கடைக்காரப் பையாக்கள் இரண்டு பேர் ஆளுக்கொரு கையாகப் பிடித்து இழுத்த கதையைச் சொன்னேன். அக்கா சிரித்துச் சிரித்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

"மொத்தத்தில உங்க ஒடம்பு எப்படிக்கா? ரொம்ப நல்லா, நல்லா, சுமார், மோசம்?"

"நன்னா இருக்கேன்னு போட்டுக்கோடீ."

இரண்டு மணிக்கு விழா ஒத்திகை. மெட்ரோவைப் பிடிக்க வேண்டும். செருப்பில் காலை நுழைத்துக்கொண்டே இரண்டு மாடி இறங்கிவிட்டேன். மேலிருந்து "கனி" என்று கூப்பிட்ட மாதிரி இருந்தது. வடாம் டப்பாவாக இருக்கும். அடுத்த தடவை வாங்கிக்கொள்ளலாம்.

30 மார்ச், ஞாயிறு

சங்க விழா. கைதட்டல் அமோகம். ஆனால் அக்கா முதல் வரிசையில் இல்லை. கடைசி வரிசையில் பாத்ரூம் பக்கத்துக் கதவோரம். "எழுந்துண்டு போக சௌகர்யம்டீ." பாதியில் எழுந்தும் போனாள். என் கட்டுரைக்கா? கோபம் எனக்கு. வீட்டுக்கு வந்து ஜெயபாலிடம் புலம்பினேன். "உன் கட்டுரை நடுவுல நானும்தான் எழுந்து போனேன், என் மேல கோபப்பட்டியா?" என்றார். இருபத்தெட்டு வருஷக் கணவர். ஆறுதல் சொல்வதில் மன்னன்.

14 ஜூன், சனி

நாற்பத்து நாலு டிகிரி. கோவிலில் அக்காவைப் பார்த்தேன். என்ன ஒரு இளைப்பு! ரவிக்கை தோளில் நிற்கவில்லை. என் ஒன்பது கிலோப் பொய்யை அக்கா நிஜமாகவே செய்து காட்டிவிட்டாள். வயிறு எரிந்தது.

"என்னக்கா ரகசியம்? டயட்டா? எனக்கும் சொல்லுங்க, யாருக்கும் சொல்ல மாட்டேன்."

"வெயில்டீ. சாப்பிடவே பிடிக்கல."

"எனக்கும் அதே வெயில்தான், ரெண்டு மாம்பழம் கூடுதலா இறங்குது."

இந்தக் கொதிப்பில் மெரூன் சேலை கட்டியிருந்தாள். போன மாசம் பார்த்தபோது கரும்பச்சை. "துக்க வீட்டுக்கா போறீங்க?" என்று கிண்டல் செய்தேன். லேசாகச் சிரித்தாள்.

12 ஆகஸ்ட், செவ்வாய்

இந்துஜா போன் செய்தாள். அக்காவின் ஒரே பெண், குருகிராமில் வேலை. பதற்றம் வந்தால் அவளுக்குத் தமிழ் போய்விடும். "கனி ஆன்ட்டி, அம்மா கிர் கயீ — விழுந்துட்டா — டிஸ்பென்சரியில — பஹுத் பிளட் ஆன்ட்டி…"

டோக்கனைக் கோபாலன் சார் கையில் கொடுத்திருக்கிறாள். "நாப்பத்து மூணு. இப்போ கூப்பிடுவா" என்று சொல்லியிருக்கிறாள். அப்படியே பெஞ்சிலிருந்து சரிந்திருக்கிறாள்.

18 ஆகஸ்ட், திங்கள்

கர்ப்பப்பை. வயிறு முழுக்கப் பரவிவிட்டது. கல்லீரலிலும்.

பெரிய ஆஸ்பத்திரியில் ஒரு சின்ன வயசு டாக்டர். நிதானமாகப் பேசினாள். "கப் ஸே, மாதாஜி?" — எப்போதிலிருந்து ரத்தம் போகிறது? அக்கா கோபாலன் சாரைப் பார்க்கவில்லை, என்னைப் பார்க்கவில்லை, சுவரில் இருந்த காலண்டரைப் பார்த்துச் சொன்னாள். போன தீபாவளியிலிருந்து.

பத்து மாசம்!

டாக்டர் எழுதுவதை நிறுத்தினாள். சில ரகம் வேகமாகப் போகும், ஆனாலும் நின்ற பிறகு ஒரு சொட்டு வந்தாலே காட்ட வேண்டும், ஆரம்பத்திலேயே வந்திருந்தால்… அதற்கு மேல் சொல்லவில்லை. நல்ல பெண்.

கோபாலன் சார் வராந்தாவில் என் கையைப் பிடித்துக்கொண்டார். "எனக்குத் தெரியாதும்மா. ஒரே வீட்டுல இருக்கேன். எனக்குத் தெரியாது." அவருக்கு எப்படித் தெரியும்? அவர் ஆம்பிளை, அவர் காலத்து ஆம்பிளை. ஆனா நீ? நீ என்னடி பண்ணிட்டிருந்த? உன் உத்தியோகமே அதுதானே? பிப்ரவரி மாசம் அவ வீட்ல உக்காந்து மூணு காபி குடிச்சியே, அப்ப நாலு மாசம் ஆயிருக்கு. வெறும் நாலு மாசம். மெரூன் சேலை, கரும்பச்சைச் சேலை — கறை தெரியாம இருக்கக் கட்டியிருக்கா. துக்க வீடான்னு கேட்டியே. கடைசி வரிசைல ஏன் உக்காந்தான்னு கேட்டியா?

19 ஆகஸ்ட், செவ்வாய்

ஆபீஸில் யாரும் வருமுன் போய் அக்காவின் ஃபைலைத் திறந்தேன்.

கேள்வி 23: மாதவிடாய் நின்ற பிறகு எப்போதாவது ரத்தப்போக்கு இருந்ததா?

பதில்: இல்லை.

பதில் சொன்னவர்: அவரே.

நான் கேட்கவில்லை. கேட்காமலே தட்டினேன். தெரிந்ததை எழுதினேன்.

20 செப்டம்பர், சனி

இரண்டாவது கீமோ. ஊசி ஏறிக்கொண்டிருக்கும்போது பக்கத்து நாற்காலியில் நான். அக்காவுக்கு முடி போய்விட்டது. "அவர் வழுக்கைக்கும் எனக்கும் ஜோடிப் பொருத்தம் இப்போதாண்டீ சரியா இருக்கு" என்றாள். எனக்குத் துணுக்கு சப்ளை செய்வது எப்போதும் அவள்தான். மேடையில் நின்று பெயர் வாங்கிக்கொண்டது நான்.

இந்துஜா மாத்திரை வாங்கக் கீழே போனதும் சொல்லிவிட்டேன். "அக்கா, அன்னிக்கு அந்தப் பகுதியில நான் எதையுமே கேக்கல. நானே போட்டுட்டேன். அந்தக் கேள்வி இருந்துச்சு. இருபத்து மூணாவது. நான் கேட்டிருந்தா நீங்க…"

அழுதேன். கீமோ வார்டில், ஊசி போட்டுக்கொள்கிறவர்கள் எல்லாம் பார்க்க, ஒன்றும் ஆகாத நான் அழுதேன். பக்கத்துப் படுக்கை சர்தார்ஜி தன் தண்ணீர் பாட்டிலை நீட்டினார்.

அக்கா ஊசி இல்லாத கையால் என் தலையில் ஒரு குட்டு வைத்தாள்.

"அசடே. நீ கேட்டாலும் சொல்லியிருக்க மாட்டேன். யார்கிட்டயும் சொல்லப்படாதுன்னு வச்சிண்டிருந்தேன். வெக்கமா இருந்தது. இந்த வயசுல இது என்னடீ கண்றாவின்னு. கேட்டாலும் இல்லேன்னுதான் சொல்லியிருப்பேன். அப்போ உன் ஃபாரத்துல என்ன இருந்திருக்கும்? இல்லை. இப்போ என்ன இருக்கு? இல்லை. சரியாத்தானே போட்டிருக்கே?"

"அக்கா…"

"வாயை மூடு. ஏதாவது கதை சொல்லு."

சொன்னேன். என்ன சொன்னேன் என்று ஞாபகம் இல்லை. ஆனால் மெட்ரோவில் வரும்போது மூச்சு கொஞ்சம் இறங்கியது. கேட்டாலும் சொல்லியிருக்க மாட்டாள். அவளே சொன்னாள்.

20 அக்டோபர், திங்கள், தீபாவளி

கரோல் பாகில் வெடிப் புகை, ஜன்னலெல்லாம் சாத்தி வைத்திருந்தார்கள். கோபாலன் சார் முதல் தடவையாக பஜ்ஜி போட்டார். அக்கா கட்டிலிலிருந்தே டைரக்ஷன்: "ஜல்தி திருப்புங்கோ, ஜல்தி!" ஒரு பஜ்ஜியைக் கையில் வைத்துக்கொண்டே தூங்கிப்போனாள்.

17 நவம்பர், திங்கள்

முதல் அட்டவணைகள் வந்துவிட்டன. ஆண்கள் ஒரு பத்தி, பெண்கள் ஒரு பத்தி. பெண்கள் அதிக நாள் இருக்கிறார்கள். அந்த அதிக நாளை முட்டி வலியோடும் ரத்தசோகையோடும் பிரஷரோடும் இருக்கிறார்கள். டாக்டரிடம் மட்டும் ஆண்களை விடக் குறைவாகப் போகிறார்கள். பதினோரு வருஷமாக வேறு வேறு ஃபைலில் இதையேதான் பார்க்கிறேன். அலுத்துப்போய் இதற்கு ஒரு ஜோக்கூட வைத்திருந்தேன். அதை இங்கே எழுத மாட்டேன்.

'நின்ற பிறகு ரத்தப்போக்கு' என்று ஒரு வரி. சின்ன எண். 'இல்லை' பக்கம் பெரிய எண். அந்தப் பெரிய எண்ணுக்குள்ளே ஒன்று அக்கா.

ஆரிப்பிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அந்த ஒரு பேட்டியை நீக்கச் சொன்னேன். அந்த ஃபைலைத் திறந்து பார்த்தார். பிறகு, "மேலிடத்துக்கு எழுதுங்க மேடம், நீக்கிடலாம். ஆனா சராசரி மாறாது. ஒரு ஆள்தானே."

சொன்ன பிறகு அவருக்கே என்னவோ போலாகிவிட்டது. "மாஃப் கீஜியே மேடம்" என்றார். தமிழில் மன்னிப்புக் கேட்க அவருக்குக் கூச்சம்.

மேலிடத்துக்கு எழுதினேன். ஒரு பக்கம். எடை விஷயத்தை மட்டும் விட்டுவிட்டேன்.

11 டிசம்பர், வியாழன்

அக்கா காலை ஏழு பத்துக்குப் போய்விட்டாள்.

12 டிசம்பர், வெள்ளி

லோதி ரோடு மயானம். பனியும் புகையும் சேர்ந்து எதிரே நிற்பவர் முகம் தெரியவில்லை. டிஸ்பென்சரியிலிருந்து மூன்று நர்ஸ்கள் வந்திருந்தார்கள். ஒருத்தி என்னிடம் கேட்டாள், மாதாஜிக்கு என்ன வியாதி என்று. இத்தனை வருஷம் எங்கள் பெஞ்சில் உட்கார்ந்திருந்தாள், ஒரு நாள் சொல்லவில்லையே என்றாள்.

சங்கச் செயலாளர் மனைவி கட்டிப்பிடித்து அழுதாள். "ருக்மிணி மாமி என்னைப் பத்தி யார் என்ன பேசினாலும் நம்ப மாட்டா" என்றாள். எனக்கு எங்கே பார்ப்பது என்று தெரியவில்லை.

19 ஜனவரி 2026, திங்கள்

கோபாலன் சாரோடு டிஸ்பென்சரிக்குப் போனேன். ஆறு மணிக்கே போய் டோக்கன் எடுத்திருந்தார். தலையில் அக்காவின் மஃப்ளர். நம்பர் இருபத்தொன்று. பெஞ்சில் தன் பக்கத்தில் ஒரு பையை வைத்து இடம் பிடித்திருந்தார். யாருக்கு என்று நான் கேட்கவில்லை. நான்தான் உட்கார்ந்தேன்.

பையிலிருந்து அக்காவின் டிஸ்பென்சரிப் புத்தகத்தை எடுத்துக் காட்டினார். முதல் பக்கத்தில் அவள் போட்டோ, கட்டையாகப் பின்னின ஜடையோடு. அதற்குப் பிறகு எல்லாப் பக்கமும் வெள்ளை. அவருடையது நாலாவது புத்தகம்.

"ஒரு தடவை, ஒரே தடவை, நீயும் காமிச்சுக்கோயேன்னு நான் சொல்லியிருந்தா…"

அப்போது அக்கா எனக்குச் சொன்னதை அவருக்குக் கொடுத்தேன். என்னிடம் இருந்த ஒரே மருந்து அதுதான். "சார், அக்காவே எங்கிட்ட சொன்னாங்க. யார் கேட்டாலும் சொல்லியிருக்க மாட்டேன்னு. யார்கிட்டயும் சொல்லக் கூடாதுன்னே இருந்தாங்களாம்."

"அப்படியா சொன்னா?"

"சத்தியமா."

இரண்டு தடவை தலையாட்டினார். "பிடிவாதக்காரி" என்றார். குரல் கொஞ்சம் தெளிந்த மாதிரி இருந்தது. டோக்கன் கூப்பிட்டார்கள். எழுந்து போகும்போது திரும்பி, "நீ வந்தா மட்டும் அவ நன்னா சிரிப்பாம்மா" என்றார்.

வைத்திருப்பேன் இதை. வேறு என்ன இருக்கிறது.

12 பிப்ரவரி, வியாழன்

அறிக்கை அச்சுக்குப் போகுமுன் தரப் பரிசோதனை. ஒலிப்பதிவுகளைக் கேட்டு மார்க் போட வேண்டும். சூப்பர்வைசர்கள் எடுத்த பேட்டிகளையும் விடுவதில்லை. நீக்கச் சொல்லி வந்ததையும் காரணத்தோடு பதிவு செய்ய வேண்டும். இன்று கரோல் பாக் கட்டு.

பதினோரு மணிக்கு ஆரிப் என் மேஜைக்கு வந்தார். ஹெட்ஃபோனை வைத்தார். "மேடம், பதினேழாவது வீடு. இதை நீங்களே கேளுங்க." தும்மவில்லை. போகும்போது கதவைச் சாத்திவிட்டுப் போனார்.

அறுபது விநாடி. பெண்கள் பகுதி. கீழே தெருவில் ஆட்டோ ஹாரன். குக்கர் ஒரு விசில். என் குரல் வந்துகொண்டிருக்கிறது — சேலைக்கு மேலேயே குர்த்தாவை மாட்டிட்டாக்கா, கை மேல, தலை உள்ள… நடுவே, மெதுவாக:

"கனி, ஒண்ணு கேக்கணும்டீ, நீ சிரிக்கப்படாது. தீபாவளியிலேர்ந்து எனக்கு —"

"இருங்கக்கா இருங்க, இதக் கேளுங்க முதல்ல, ஒரு பையா இந்தக் கையப் புடிக்கிறான், இன்னொருத்தன்…"

அதற்குப் பிறகு முழுக்க நான்தான்.

ஏழு வார்த்தை. எண்ணிப் பார்த்தேன். அந்த நிமிடத்தில் டேப்லெட்டில் எந்தக் கேள்வி திறந்திருந்தது என்பதையும் ஃபைல் காட்டுகிறது. இருபத்து மூன்று.

கேட்டாலும் சொல்லியிருக்க மாட்டேன் என்றாளே. கீமோ ஏறிக்கொண்டிருந்த கையோடு உட்கார்ந்து, எனக்காக, என் முகத்தைப் பார்த்துக்கொண்டே. அந்தப் பொய்யை நான் கொண்டுபோய்க் கோபாலன் சாருக்கும் கொடுத்திருக்கிறேன். சத்தியம் வேறு செய்தேன். இனி அவரிடம் என்ன சொல்ல? சொல்லணுமா? சொல்லாம இருக்கணுமா? சொல்லுங்கக்கா, இப்பச் சொல்லுங்க, நான் பேச மாட்டேன்.

மார்க் போடும் படிவத்தில் ஒரு கேள்வி: பதில் சொல்பவர் பேச இடம் தரப்பட்டதா? 'இல்லை' என்று போட்டுக் கையெழுத்திட்டேன். காரணம் எழுதும் கட்டத்தில் என் பெயரை எழுதினேன்.

வீட்டுக்கு வந்து போன வருஷ டைரியில் பிப்ரவரி பதினைந்தாம் தேதிப் பக்கத்தைத் திருப்பிப் பார்த்தேன். அக்கா சிரித்துச் சிரித்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டாள் என்று என் கையெழுத்தில் இருக்கிறது.

அந்தப் பதிவைத் திரும்பவும் திரும்பவும் கேட்டேன் இன்று. ஆறு தடவை. கதை முடிகிற இடத்தில் சிரிப்புச் சத்தம் வருகிறது. ஒரு குரல்தான். என்னுடையது.